பாதை வெட்டிய பிள்ளைகளிடமே கேளுங்கள்: இயற்கைப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

இயற்கைப் பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

சாரணர் பிள்ளைகள் வெட்டிய நடைபாதையின் ஓரத்தில் இருந்த ஏழு ஜியோகேச்சிங் (ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) பெட்டிகளையும் போன மாதம் உங்கள் ஊழியர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம்தான் பாதையின் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அனுமதியில்லாத பொருட்கள் அகற்றப்பட்டன, இனி யாரும் வைக்கக் கூடாது என்று இரண்டே வரி. அந்தப் பாதைக்காக இரண்டு வருடம் வாரக் கடைசிகளில் பிள்ளைகளோடு சேர்ந்து மண் அள்ளிய பெரியவர்களில் நானும் ஒருத்தி. ஏழு பெட்டிகளில் ஒன்றை, அதுவும் தப்பான இடத்தில், வைத்தவளும் நான்தான். அதனால் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி வைக்கலாமா என்று நாங்கள் கேட்டபோது, முன்பு பொறுப்பில் இருந்தவர் வாய்வார்த்தையாகச் சரி என்றார். எழுத்தில் நாங்கள் வாங்கவில்லை. நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. பொறுப்பாளர் மாறியபோதாவது உங்களை வந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது பெரியவர்களான எங்கள் பிழை, பிள்ளைகளுடையது இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்து கேட்டபோது எங்களுக்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. செடிகள் மிதிபடுகின்றன, குப்பை சேர்கிறது, அடையாளம் தெரியாத பெட்டிகளைப் பார்த்து ஆட்கள் பயப்படுகிறார்கள். மூன்றும் கற்பனைக் காரணங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் காரணத்தில் எனக்கே பங்கு உண்டு. ஆனால் மூன்றுக்கும் விடை அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

குழுவில் இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்கள் இருக்கலாம். ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைபேசியையோ ஜிபிஎஸ் கருவியையோ வைத்துக்கொண்டு தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த மாதிரியே வைத்துவிட்டுப் போக வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் எதுவும் உள்ளே வைக்கக் கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்துவிடும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடத்தை 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அந்தப் பிழையை நீக்கிய மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டோரம் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இந்த ஆசை ஜிபிஎஸ்ஸோடு பிறந்ததும் இல்லை. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். வந்தேன், பார்த்தேன் என்று ஒரு சின்ன அடையாளம் விட்டுப்போக எல்லாருக்கும் ஆசை இருக்கிறது.

சரி, பாதைக்கு வருகிறேன்.

பாதை போடுவது என்றால் செடியை வெட்டி வழி விடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் நாளே அந்த நினைப்பு போய்விட்டது. பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மலைச்சரிவு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் பாதை ஏறக் கூடாது. ஏறினால் மழைநீர் குறுக்கே வழிந்து போகாமல் பாதையையே ஓடையாக்கி ஓடும். அப்புறம் பாதை பள்ளத்துப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், காலுக்குத் தெரியாத அளவு, நூறுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு. மேலே கிடக்கும் மக்கிய இலையையும் வேரையும் வழித்துவிட்டு, கெட்டியான அடிமண் தெரியும் வரை போனால்தான் பாதை நிலைத்து நிற்கும். இதையெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். நாள் முழுக்க வேலை செய்து ஆறு மீட்டர் பாதை முடித்திருந்தோம். வழவழவென்று அழகாக இருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பாதையின் மேல் ஓரத்தில் மெல்ல ஊற்றினாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் பாதையைக் கடந்து பள்ளத்துப் பக்கம் போகாமல், நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்து அந்த இடத்தைத் திரும்பக் கொத்த ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருட்டும் நேரத்தில் மறுபடி ஊற்றினாள், இந்த முறை தண்ணீர் போய்விட்டது. மூன்று கிலோமீட்டர் பாதை முழுக்க இப்படி ஊற்றிப் பார்த்துத்தான் போட்டார்கள். இரண்டு மழைக்காலம் போயும் அந்த ஆறு மீட்டரில் இன்றுவரை தண்ணீர் நின்றதில்லை, போய்ப் பாருங்கள்.

வாசலிலிருந்து முதல் 400 மீட்டரை அகலமாகவும் ஏற்றமில்லாமலும் வைத்தார்கள். சக்கர நாற்காலி போக வேண்டும் என்பது அவர்களே எடுத்த முடிவு. ஜியோகேச்சிங்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலத்தின் கடினம் குறிப்பார்கள். ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் போய்ச் சேர முடிய வேண்டும். எங்கள் முதல் பெட்டி அந்த ஒன்றாம் தரத்துப் பெட்டி. அதை எந்த உயரத்தில் வைப்பது என்று பார்க்க, ஒரு பையன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினான், இன்னொருவன் மரத்தூணில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். அந்தப் பெட்டியின் பதிவேட்டில், காட்டுப் பாதையில் தன் கையால் தானே எடுத்த முதல் பெட்டி இது என்று ஒருவர் எழுதியிருந்தார். நடுங்கும் கையெழுத்து. பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள்.

பெட்டிகள் ஏன் வந்தன என்றும் சொல்ல வேண்டும். பாதை திறந்த நாளில் நல்ல கூட்டம். அடுத்த வாரம் பாதிக் கூட்டம். மூன்று மாதம் கழித்துப் போனால் நாங்கள்தான் இருந்தோம். நடக்க ஆளில்லாத பாதையைப் புதர் எடுத்துக்கொள்ளும். ஓரத்துச் செடிகள் உள்ளே சாய ஆரம்பித்திருந்தன, கடைசி ஒரு கிலோமீட்டரில் பாதை எது காடு எது என்று தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் பிள்ளைகள் ஜியோகேச்சிங் பற்றிப் பேசினார்கள். தடம் பார்த்துப் போவது சாரணர்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமிலேயே அது பாடமாக இருந்தது. சாரணர்களின் தடக்குறிகளில், வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் போட்டால் ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று அர்த்தம். கென்யாவின் நியேரியில் இருக்கும் அவர் கல்லறையிலும் அதே குறிதான் இருக்கிறது. நம் பாதை முடியும் இடத்தில் கூழாங்கற்களால் வட்டமிட்டு, நடுவில் ஒரே ஒரு கல் பதித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது பிள்ளைகள் வைத்தது.

161 மீட்டர் கணக்குப்படி பார்த்தால் மூன்று கிலோமீட்டரில் சுமார் பதினெட்டுப் பெட்டி வைக்கலாம். ஏழு போதும் என்று முடிவு செய்தார்கள். ஆறு பெட்டிக்கு அவர்களே இடம் தேர்ந்தார்கள். ஏழாவது பெட்டிக்கு நான்.

நான் தேர்ந்த இடம் பாதையிலிருந்து பதினான்கு மீட்டர் உள்ளே, பாசி படர்ந்த ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், விழுந்த மரத்தின் பொந்து. கண்ணுக்கு ரொம்ப அழகான இடம். தேடி வருபவர்களுக்கு அந்த மேட்டைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆறு வாரம் கழித்துப் போனபோது மேடு இல்லை. அதாவது மேடு இருந்தது, பாசி இல்லை. பச்சைக் கம்பளத்தை நடுவில் கிழித்த மாதிரி கறுப்பு மண் தெரிந்தது. பொந்தைச் சுற்றி இன்னும் மூன்று நான்கு கிளைத் தடங்கள். முழங்கால் உயரச் செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பாசியின் ஒரு துண்டு உரிந்து தலைகீழாகக் காய்ந்திருந்தது. அதை எடுத்து அதே இடத்தில் அழுத்தி வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

உங்கள் ஊழியர்கள் படம் எடுத்து வைத்திருப்பது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் படம் உண்மை. ஆனால் மற்ற ஆறு பெட்டிகளையும் சுற்றி அப்படி ஒரு தடமாவது இருந்ததா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. வானம் திறந்த இடத்தில் கைபேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சரியாகக் காட்டும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே சமிக்ஞை இலைகளில் வலுவிழந்து, அடிமரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வருவதால் 10, 15 மீட்டர்கூடத் தள்ளிப்போகும். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் தேட வேண்டிய பரப்பு 80 சதுர மீட்டருக்குள். 15 மீட்டர் ஆரம் என்றால் 700 சதுர மீட்டருக்கு மேல். வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பரப்பை மிதித்துத்தான் தேடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, கருவி அப்படித்தான் காட்டும். இந்தக் கணக்கை ஒரு பையன் குச்சியால் மண்ணில் வட்டம் வரைந்து எனக்குக் காட்டினான். ஆகவே அவர்களின் ஆறு பெட்டிகளுக்கும் ஒரே விதி: பாதையில் நின்றபடி கை எட்ட வேண்டும். காலடியில் பாறையோ கெட்டி மண்ணோ இருக்க வேண்டும். எண்களை வெவ்வேறு நாளில் பல முறை எடுத்துச் சராசரி போட்டார்கள். அதோடு, ‘பாதையை விட்டு இறங்க வேண்டாம், வலப்பக்கம், இடுப்பு உயரம், பாறை வெடிப்பு’ என்று குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள். பெட்டியைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபமாகிவிட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

என் பெட்டி விஷயத்தில் அவர்கள் செய்தது இன்னும் முக்கியம். யாரும் மிதிக்காத செடித் தரையில் முதலில் விழும் கொஞ்சம் காலடிகள்தான் அதிகச் சேதம் செய்யும். அதற்குப் பிறகு ஆயிரம் பேர் நடந்தாலும் சேதம் அந்த வேகத்தில் கூடாது. அதனால் ஆட்களைப் பரவலாக நடக்க விடுவது ஆபத்து, ஒரே கெட்டித் தடத்தில் நடக்க வைப்பதுதான் பாதுகாப்பு. பிள்ளைகளுக்கு இது பாதை வெட்டிய அனுபவத்திலேயே தெரிந்திருந்தது. அன்றே பெட்டியை எடுத்துப் பாதையோரப் பாறைக்கு மாற்றினார்கள், இணையத்தில் எண்களைத் திருத்தினார்கள். பழைய தடத்தின் வாயில் காய்ந்த கிளைகளைக் குறுக்கே போட்டு, மேலே இலைச்சருகு பரப்பினார்கள். பார்த்தால் வழி என்றே தோன்றவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு கறுப்பு மண்ணில் நகம் அளவு பச்சை வந்திருந்தது. பாசி திரும்ப மூடுவதற்கு வருடங்கள் ஆகும், அந்தக் குற்றம் என்னோடுதான் இருக்கும். ஆனால் தடம் பெரிதாவது அன்றோடு நின்றுவிட்டது. நீங்கள் பெட்டிகளை எடுப்பதற்கு நான்கு மாதம் முன்பே நின்றுவிட்டது.

குப்பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது ஒரு பையை எடுத்துப்போய்க் குப்பையைப் பொறுக்கி வருவது ஜியோகேச்சிங் ஆட்களிடம் 2002 முதலே ஒரு இயக்கமாக நடக்கிறது. எங்கள் முதல் பெட்டியில் மடித்த பைகளை வைத்திருந்தோம். வாரா வாரம் புதிதாக வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு பேர் எடுத்துப் போனார்கள்.

பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது நியாயமான கவலை. நாங்கள் வைத்தவை ஒளி ஊடுருவும் மூடி போட்ட பெட்டிகள், வெளியே இது என்ன என்று எழுதி ஒட்டியிருந்தோம். அது போதாது என்றால் சொல்லுங்கள். எல்லாப் பெட்டிகளின் இடங்களையும் படத்தோடு உங்கள் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுகிறோம். பெட்டியின் மேல் உங்கள் முத்திரையே இருக்கட்டும்.

இன்னொன்று. பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள் பதிவேட்டில் எழுதுவதோடு இணையத்திலும் இரண்டு வரி எழுதுவார்கள். பிள்ளைகள் அதைத் தினமும் படித்தார்கள். ‘மூன்றாவது பெட்டிக்கு முன்னால் மரம் சாய்ந்து கிடக்கிறது’, ‘பாலத்துக்குப் பிறகு சேறு’, ‘ஐந்தாவது திருப்பத்தில் ஒரு படிக்கல் ஆடுகிறது’ என்றெல்லாம் வரும். ஆடிய கல்லை அந்த வாரமே போய் இறுக்கினார்கள். மரம் பெரியதாக இருந்ததால் உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னோம், நீங்களும் ஆள் அனுப்பி வெட்டினீர்கள். அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சம்பளம் இல்லாமல் பாதையைப் பார்த்துச் சொல்ல இத்தனை கண்கள் இருந்தன. இந்த ஒரு மாதமாக எந்தத் தகவலும் வரவில்லை.

பெட்டி இல்லாமல் கைபேசியிலேயே நடத்தலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எர்த்கேஷ் என்று ஒரு வகை உண்டு, பெட்டியே கிடையாது. பாறையையோ மண் அடுக்கையோ பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். மேலே அந்த அடுக்குப் பாறை முகட்டுக்கு அது ரொம்பப் பொருத்தம், எதையும் தொடவே கூடாத இடம் அது. அங்கே அப்படியே செய்யலாம். ஆனால் எல்லா இடத்திலும் அப்படிச் செய்தால், பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்து இதற்கு முன் வந்தவரின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதும் சந்தோஷம் போய்விடும். சின்னப் பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் முனகாமல் நடப்பது அதற்காகத்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். தடையை எடுத்துவிட்டு, எழுத்தில் நிபந்தனை போட்டு அனுமதி கொடுங்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்கலாம் என்று சொல்லும் பொறுப்பைப் பாதை வெட்டிய சாரணர் குழுவிடம் கொடுங்கள். வெளியிலிருந்து வந்து பெட்டி வைக்க விரும்புபவரும், என்னைப் போன்ற பெரியவர்களும், அந்தப் பிள்ளைகளோடு நடந்து இடம் காட்டி அவர்கள் சரி என்ற பிறகுதான் வைக்க வேண்டும். எந்த மண் கால் தாங்கும், எது தாங்காது என்று அவர்களுக்குக் கை வழியாகத் தெரியும். கடைசிக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் எந்தப் பெட்டியை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். இணையத்தில் ஒரு பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வசதி இருக்கிறது, அன்றே செய்துவிடலாம். நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் என்ற முறையில் நீங்கள் கேட்டால் அந்த இணையதளத்தை நடத்துபவர்கள் நிரந்தரமாகவே நீக்கிவிடுவார்கள். அதாவது அதிகாரம் எப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தடை தேவையில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு தடவை பிள்ளைகளோடு பாதையில் நடந்து பாருங்கள். எந்த சனிக்கிழமை என்றாலும் வருகிறோம். ஏழு இடங்களையும் அவர்கள் காட்டட்டும், என் பாசி மேட்டையும் சேர்த்து.

முடிவு எதுவாக இருந்தாலும், அந்த ஏழு பதிவேடுகளையும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பதிவேடுகளின் முதல் பக்கத்தில் அந்தந்தப் பெட்டிக்கு இடம் தேர்ந்த பிள்ளைகள் தங்கள் கையால் பெயர் எழுதியிருக்கிறார்கள். முதல் பெட்டியின் பதிவேடு கொஞ்சம் ஈரம் பட்டிருக்கும், பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் அப்படியே தாருங்கள். நாங்கள் நிழலில் வைத்து உலர்த்திக்கொள்கிறோம்.

அன்புடன்,
சாரணர் குழுவோடு பாதையில் வேலை செய்த தன்னார்வலர்களில் ஒருத்தி